டைமர் எங்கே ஓட வேண்டும்: திரையின் த்ரெட்டிலா, தனி த்ரெட்டிலா?

கேள்வி, பிப்ரவரி 3

விண்டோஸ் ஃபார்ம்ஸில் (டாட்நெட்டில் ஜன்னல் உள்ள நிரல் எழுதும் வசதி) சின்ன நிரல் ஒன்று எழுதுகிறேன். ஒரு ஃபோல்டரில் புதுக் கோப்பு வந்திருக்கிறதா என்று ஐந்து விநாடிக்கு ஒரு தரம் பார்த்துப் பட்டியலில் காட்ட வேண்டும். டூல்பாக்ஸில் இருக்கிற டைமரைப் போட்டால் சில நேரம் ஜன்னலே உறைந்துவிடுகிறது. இப்படி எல்லாவற்றையும் நிறுத்திவைக்கிற டைமரை ஏன் இன்னும் விட்டுவைத்திருக்கிறார்கள்? பல த்ரெட்டில் (ஒரே நிரலுக்குள் தனித்தனியாக ஓடும் வேலை ஓட்டங்களில்) ஓடுகிற டைமர் இருக்கும்போது எப்போதும் அதையே போட்டுவிடலாம் இல்லையா?

பிப்ரவரி 3, இரவு

போட்டுவிடலாம் என்று சொல்ல மாட்டேன். உறைவதற்குக் காரணம் டைமர் இல்லை, டிக்குக்குள், அதாவது டைமர் ஒவ்வொரு முறை அடிக்கும்போதும், நீங்கள் செய்யும் வேலை. நீங்கள் போட்ட ஃபார்ம்ஸ் டைமர் தனியாக எதையும் ஓட்டுவதில்லை. நேரம் ஆனதும் திரையின் த்ரெட்டுக்கு டபிள்யூஎம் டைமர் என்ற மெசேஜ் கிடைக்கிறது. மவுஸ், கீபோர்டு, திரை வரைதல் எல்லாவற்றையும் கவனிக்கிற அதே மெசேஜ் லூப்தான் அதையும் எடுத்து உங்கள் ஹேண்ட்லரை (டிக்குக்காக நீங்கள் எழுதிய மெத்தட்) கூப்பிடுகிறது. ஹேண்ட்லர் இரண்டு மில்லிவிநாடியில் திரும்பினால் யாருக்கும் எதுவும் தெரியாது. எட்டு விநாடி எடுத்துக்கொண்டால் அந்த எட்டு விநாடியும் ஜன்னல் செத்த மாதிரிதான்.

இதற்குப் பதிலாகக் கிடைக்கும் வசதி பெரியது. லேபிள், பட்டியல் எதையும் நேராகத் தொடலாம், லாக் (த்ரெட்டுகள் மோதாமல் போடும் பூட்டு) வேண்டாம், ஒரு நேரத்தில் ஒரு டிக்தான் ஓடும்.

அந்த ஃபோல்டர் இந்தக் கணினியிலேயே இருக்கிறதா, நெட்வொர்க்கில் எங்காவது இருக்கிறதா?

பிப்ரவரி 4

நெட்வொர்க் ஷேர் என்று பதில் வந்திருக்கிறது. அப்படியானால் விஷயம் தெளிவு. அந்தச் சர்வர் விழித்திருக்கும்போது கோப்புப் பட்டியல் உடனே வந்துவிடும். எட்டாத நிலையில் இருந்தால் "இந்தக் கோப்பு இருக்கிறதா" என்ற ஒற்றைக் கேள்விக்கே பல விநாடி காத்திருக்க நேரிடும். ஐந்து விநாடி மெசேஜ் எதையும் எடுக்காத ஜன்னலை விண்டோஸ் பதிலளிக்காததாகக் கணக்கில் வைத்து, மேலே வெளிறிய நகல் ஒன்றைப் போர்த்திவிடும். "சில நேரம்" உறைகிறது என்று நீங்கள் சொன்னது இதைத்தான்.

ஆக அந்த வேலை திரையின் த்ரெட்டை விட்டு வெளியே போயே ஆக வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் வேலையை வெளியே அனுப்புவது வேறு, டைமரையே வெளியே அனுப்புவது வேறு. என் கட்சி முதலாவது. காரணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன்.

பிப்ரவரி 4, இரவு

நான் பராமரித்த ஒரு நிரலில் நெட்வொர்க்கில் இணைந்த எடைப்பொறி ஒன்றை 200 மில்லிவிநாடிக்கு ஒரு தரம் கேட்டு, எடையைப் பெரிய எழுத்தில் காட்ட வேண்டும். பல த்ரெட் டைமர்களில் ஒன்றான சிஸ்டம் டைமர்ஸ் டைமரில்தான் எழுதப்பட்டிருந்தது. சாதாரணமாக நன்றாகவே ஓடும். திடீரென்று எப்போதாவது, தட்டில் பொருள் வைத்த பிறகு எடை ஒரு கணம் கூடி மறுபடி குறையும். எடைப்பொறியில் கோளாறு என்றே எல்லோரும் நினைத்தார்கள். பதிவுக் கோப்பில் த்ரெட் எண்ணையும் சேர்த்து எழுத வைத்ததும் இது கிடைத்தது (தேவையான வரிகள் மட்டும்):

10:41:07.203, த்ரெட் 6, கேட்டது
10:41:07.406, த்ரெட் 9, கேட்டது
10:41:07.744, த்ரெட் 9, பதில் 12.46
10:41:07.751, த்ரெட் 6, பதில் 12.40

முதலில் கேட்டவனுக்குப் பதில் பிந்தி வந்திருக்கிறது. பழைய எடை வந்து புதிய எடையின் மேல் உட்கார்ந்துவிட்டது. எடைப்பொறியின் பதில் 200 மில்லிவிநாடிக்குள் வரும்வரை இந்தக் கோளாறு தலைகாட்டாது. பதில் கொஞ்சம் இழுத்தால் போதும், முந்தைய டிக் முடியாமலே அடுத்த டிக் வேறொரு த்ரெட்டில் கிளம்பிவிடும். இந்த டைமருக்கு முந்தையது முடிந்ததா என்று பார்க்கும் பழக்கமே கிடையாது. இன்னொரு பல த்ரெட் டைமரான சிஸ்டம் த்ரெடிங் டைமரும் அப்படியே.

ஆட்டோரீசெட்டை (தானாகத் திரும்பத் திரும்ப அடிக்கவைக்கும் பண்பு) அணைத்துவிட்டு, வேலை முடிந்ததும் நாமே ஸ்டார்ட் கொடுத்தால் இது தீரும். த்ரெடிங் டைமரில் பீரியடை முடிவிலி என்று வைத்து, கடைசி வரியில் சேஞ்ச் கூப்பிடலாம். இரண்டும் ஒன்றுதான்: ஒரு முறை அடித்து நிற்கும் டைமர், வேலை முடிந்ததும் திரும்ப முடுக்கப்படுகிறது. பல த்ரெட் டைமரைப் போட்டுவிட்டு ஒரே த்ரெட் போல நடக்கவைக்கப் பாடுபடுகிறோம் என்பதைக் கவனியுங்கள்.

பிப்ரவரி 6

"எலாப்ஸ்டில் லேபிளை மாற்றினேன், எக்ஸெப்ஷன் எதுவும் வரவில்லையே" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். (எலாப்ஸ்ட் என்பது சிஸ்டம் டைமர்ஸ் டைமரின் டிக். எக்ஸெப்ஷன் என்பது நிரல் ஓடும்போது எழும் பிழை.) இரண்டு காரணம் இருக்கலாம்.

ஒன்று, வேறு த்ரெட்டிலிருந்து கண்ட்ரோலை (லேபிள், பட்டியல் போன்றவை) தொட்டால் வரும் அந்த எக்ஸெப்ஷன் இயல்பாக டீபக்கர் (பிழை தேடும் கருவி) இணைந்திருக்கும்போது மட்டும்தான் வரும். நேரடியாக ஓட்டினால் சோதனை நடப்பதில்லை. பிழை இருக்கும், சத்தம் இருக்காது.

இரண்டாவது, டிசைனரில் இழுத்துப் போட்டிருப்பீர்கள். அப்படிப் போட்டால் விஷுவல் ஸ்டுடியோ சிங்க்ரனைசிங் ஆப்ஜெக்ட் என்ற பண்பில் உங்கள் ஃபார்மை வைத்துவிடுகிறது. அதன் பிறகு எலாப்ஸ்ட் ஓடுவது திரையின் த்ரெட்டில்தான். பல த்ரெட் டைமர் போட்டிருக்கிறோம் என்று நம்பிக்கொண்டிருப்பீர்கள், அதே உறைதல் அப்படியே இருக்கும். டிக்கிலும் எலாப்ஸ்டிலும் முதல் வரியில் த்ரெட் எண்ணை அச்சிட்டுப் பாருங்கள். எந்த டைமர் எங்கே ஓடுகிறது என்ற வாதம் அத்தோடு முடிந்துவிடும்.

பிப்ரவரி 7

இந்தக் குறிப்பைத்தான் எல்லோரும் படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

பல த்ரெட் டைமர் போட்டால் ஜன்னல் உறையாது என்பது பரவலான நம்பிக்கை. உறையும், இன்னும் மோசமாகவே உறையும். விண்டோஸ் ஒரு த்ரெட்டுக்கு மெசேஜ் எடுத்துக்கொடுக்கும்போது ஒரு வரிசை வைத்திருக்கிறது. போஸ்ட் செய்யப்பட்டவை (நிரலே வரிசையில் போட்ட மெசேஜ்கள்) முதலில், அப்புறம் மவுஸும் கீபோர்டும், அப்புறம் திரை வரைதல், கடைசியில்தான் டைமர். ஃபார்ம்ஸ் டைமர் பந்தியில் கடைசி இலைக்காரர்: எல்லோரும் எழுந்த பிறகுதான் உட்காருவார். அது மட்டுமல்ல, அவர் குவிவதுமில்லை. நீங்கள் பிஸியாக இருந்த நேரத்தில் பத்து டிக் தவறியிருந்தால் பத்து மெசேஜ் காத்திருக்காது, ஒன்றே ஒன்றுதான் வரும். கணினி திணறும்போது டிக் தானாகக் குறைகிறது. அந்தப் பழைய டைமரை நான் மதிப்பதே இந்தப் பணிவுக்காகத்தான்.

இப்போது மறுபக்கம். பின்னணி த்ரெட்டில் 10 மில்லிவிநாடி டைமர், ஒவ்வொரு டிக்கிலும் பிகின்இன்வோக் (திரையின் த்ரெட்டிடம் ஒரு வேலையைக் கொடுத்துவிட்டுக் காத்திராமல் திரும்புவது), அது திரையில் செய்யும் வேலைக்கு 20 மில்லிவிநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். பிகின்இன்வோக் போஸ்ட் வகை, வரிசையில் முதல் இடம். ஒன்று முடிவதற்குள் அடுத்தது வந்து நிற்கிறது. மவுஸுக்கும் வரைதலுக்கும் முறையே வராது. எந்த ஹேண்ட்லரும் நீளமானதில்லை, எதுவும் பிளாக் ஆகவில்லை, ஆனாலும் பட்டனை அழுத்தினால் அசைவு இல்லை. ப்ரொஃபைலரில் (எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் என்று அளக்கும் கருவி) பார்த்தால் எல்லாம் சின்னச் சின்ன வேலையாகவே தெரியும் என்பதால் கண்டுபிடிக்கவும் சிரமம்.

இதற்கு மருந்து எளிது. பின்னணி த்ரெட் கடைசி மதிப்பை ஒரு ஃபீல்டில் (ஃபார்ம் முழுவதற்கும் பொதுவான மாறி) எழுதிவைக்கட்டும். திரையில் 100 மில்லிவிநாடி ஃபார்ம்ஸ் டைமர் ஒன்று அதைப் படித்துக் காட்டட்டும். அடிக்கடி வரும் தரவைக் காட்டுவதற்கு நான் கைவைக்கும் முதல் வழி இதுதான்.

பிப்ரவரி 7, சற்றுப் பிறகு

அந்த ஃபீல்டு ஒரே ஒரு இன்ட் (முழு எண்) அல்லது ரெஃபரன்ஸாக (ஆப்ஜெக்டைச் சுட்டுவது) இருந்தால் வாலட்டைல் (எழுதியதை மற்ற த்ரெட்டுக்கும் தெரியவைக்கும் குறிச்சொல்) போதும். நேரமும் மதிப்பும் சேர்ந்து இரண்டு என்றால், மாற்ற முடியாத சின்ன ஆப்ஜெக்டில் இரண்டையும் போட்டு ரெஃபரன்ஸை மட்டும் மாற்றுங்கள். இல்லையென்றால் புது நேரத்தோடு பழைய மதிப்பு ஜோடி சேரும்.

பிப்ரவரி 9

முதல் நாள் எழுதிய "ஒரு நேரத்தில் ஒரு டிக்தான் ஓடும்" என்ற வரிக்கு ஒரு நிபந்தனை சேர்க்க வேண்டும்: ஹேண்ட்லர் நடுவில் மெசேஜ் லூப்புக்கு வழிவிடாத வரைக்கும்.

ஃபார்ம்ஸ் டைமரை 1000 என்று வைத்து, டிக்கில் மெசேஜ்பாக்ஸ் ஷோ என்று ஒரே வரி எழுதி ஓட்டிப் பாருங்கள். முதல் பெட்டி வரும். மூடாமல் விட்டால் அடுத்த விநாடி இரண்டாவது, அப்புறம் மூன்றாவது. மெசேஜ்பாக்ஸ் திறந்திருக்கும்போது அதற்கென்று ஒரு மெசேஜ் லூப் ஓடுகிறது. அது டைமர் மெசேஜையும் விநியோகிக்கும், டிக் தனக்குள்ளேயே மறுபடி நுழையும். ஷோடயலாக்கும் டூஈவென்ட்ஸும் இதே ரகம். எளிதில் கண்ணில் படாத இன்னொரு ரகம் அவெய்ட், அதாவது வேலை முடியும்வரை த்ரெட்டை விட்டுக்கொடுத்துக் காத்திருப்பது. டிக் ஹேண்ட்லரை அசிங்க் ஆக்கி உள்ளே அவெய்ட் போட்ட நிமிடமே ஹேண்ட்லர் லூப்புக்குத் திரும்பிவிடுகிறது, வேலை முடிவதற்குள் அடுத்த டிக் வரலாம். த்ரெட் ஒன்றுதான், ஆனால் எடைப்பொறிக் கதை இங்கேயும் நடக்கும்.

அதனால் ஹேண்ட்லரின் முதல் வரியில் ஸ்டாப், ஃபைனலியில் (பிழை வந்தாலும் ஓடும் கடைசிப் பகுதி) ஸ்டார்ட். எந்த டைமரானாலும் இது என் வழக்கம்.

பிப்ரவரி 10

சிஸ்டம் டைமர்ஸ் டைமர் பற்றி இன்னொன்று. எலாப்ஸ்டுக்குள் எக்ஸெப்ஷன் எழுந்தால் அது பிடித்து விழுங்கிவிடும். நிரல் விழாது, பதிவுக் கோப்பில் எதுவும் இருக்காது, வேலை மட்டும் பாதியில் நின்றிருக்கும். ஆட்டோரீசெட்டை அணைத்துக் கடைசி வரியில் ஸ்டார்ட் எழுதியிருந்தீர்களானால், அந்த வரிக்கே போகாமல் டைமர் நிரந்தரமாகத் தூங்கிவிடும். "இரண்டு நாள் ஓடிவிட்டு நின்றுபோகிறது" வகைப் புகார் வந்தால் நான் முதலில் தேடுவது இதைத்தான். த்ரெடிங் டைமர் நேர் எதிர். அதன் கால்பேக்கில் (அந்த டைமர் கூப்பிடும் மெத்தட்) பிடிக்கப்படாத எக்ஸெப்ஷன் முழு நிரலையும் வீழ்த்தும். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும், விழுந்தால் விழுந்தது தெரிகிறதே.

பிப்ரவரி 12

நிறுத்துவது. டைமரைத் தேர்ந்தெடுக்கும்போது பெரும்பாலானவர்கள் தொடங்குவதை மட்டும் யோசிக்கிறார்கள். எனக்கு முடிவைத் தீர்மானிப்பதே நிறுத்தும் கணம்தான்.

ஃபார்ம்ஸ் டைமரைத் திரையின் த்ரெட்டில் நிறுத்தினால் அடுத்த வரியில் நிம்மதியாக இருக்கலாம், இனி டிக் வராது. சிஸ்டம் டைமர்ஸ் டைமரில் ஸ்டாப் திரும்பி வந்த பிறகும் ஒரு எலாப்ஸ்ட் வரலாம். த்ரெட் பூலின் (பின்னணி வேலைகளுக்காகத் தயாராக இருக்கும் த்ரெட்டுகள்) வரிசையில் ஏற்கெனவே ஏறிவிட்டதை யாரும் இறக்குவதில்லை. ஃபார்ம் மூடப்பட்ட பின் அந்தக் கடைசி எலாப்ஸ்ட் வந்து இன்வோக் (பிகின்இன்வோக் போலத்தான், ஆனால் வேலை முடியும்வரை காத்திருக்கும்) கூப்பிட்டால் ஆப்ஜெக்ட் டிஸ்போஸ்ட் எக்ஸெப்ஷன். இந்த டைமர் அதையும் விழுங்கிவிடும். த்ரெடிங் டைமரில் இதே நடந்தால், பயனருக்கு மூடும்போது மட்டும், அதுவும் எப்போதாவது மட்டும் தெரியும் பிழை.

சரி, ஃபார்ம் குளோசிங்கில் கால்பேக் முடியும்வரை காத்திருக்கலாமே என்று தோன்றும். த்ரெடிங் டைமரின் டிஸ்போஸுக்கு ஒரு வெயிட்ஹேண்டில் கொடுக்கலாம், எல்லாக் கால்பேக்கும் முடிந்ததும் அது சிக்னல் தரும். திரையின் த்ரெட் அதற்குக் காத்திருக்கிறது. கால்பேக்கோ இன்வோக் கூப்பிட்டுத் திரையின் த்ரெட்டுக்குக் காத்திருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு அப்படியே நிற்கும். இன்வோக்கைப் பிகின்இன்வோக் ஆக்கினால் டெட்லாக் தீரும், மூடிய ஃபார்முக்குப் போஸ்ட் செய்யும் பிரச்சினை மிஞ்சும். அதற்கு ஒரு கொடி, அந்தக் கொடியைப் பார்ப்பதற்கும் பயன்படுத்துவதற்கும் நடுவே ஒரு இடைவெளி, அதை அடைக்க ஒரு லாக்... ஒரு ஃபோல்டரைப் பார்ப்பதற்கு இவ்வளவா?

பிப்ரவரி 13

நான் என்ன எழுதுவேன் என்று கேட்டதற்கு. டாட்நெட் 6 அல்லது அதற்கு மேல் என்றால் பீரியாடிக் டைமர். ஃபார்ம் திறந்ததும் ஒரு அசிங்க் மெத்தட் தொடங்கும். உள்ளே ஒரு வைல் லூப், அதன் நிபந்தனை வெயிட் ஃபார் நெக்ஸ்ட் டிக் அசிங்க்கை அவெய்ட் செய்வது. லூப்புக்குள் டாஸ்க் ரன் மூலம் ஃபோல்டரைப் படிப்பது ஒரு வரி, பட்டியலை நிரப்புவது அடுத்த வரி. படிப்பது பின்னணியில் நடக்கிறது, அவெய்டுக்குப் பிறகு வரும் வரி தானாகத் திரையின் த்ரெட்டுக்குத் திரும்பிவிடுகிறது. ஒரு சுற்று முடியாமல் அடுத்தது தொடங்க வழியே இல்லை. வேலை இழுத்துக்கொண்டே போய் நாலு டிக் தவறினாலும் அவை ஒன்றாகச் சுருங்கிவிடும். மூடும்போது கேன்சலேஷன் டோக்கனை (வேலையை நிறுத்தச் சொல்லும் அடையாளம்) ரத்து செய்தால் காத்திருப்பு அங்கேயே கலையும். ஃபோல்டரைப் படித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் மூடியிருந்தால்? அவெய்டுக்கு அடுத்த வரியில் டோக்கனை ஒரு முறை பாருங்கள். மூடுவதும் அந்த வரியும் ஒரே த்ரெட்டில் நடப்பதால் நடுவில் இடைவெளி கிடையாது, லாக்கும் தேவையில்லை.

பழைய டாட்நெட் ஃப்ரேம்வொர்க் என்றால் அதே லூப்பில் டாஸ்க் டிலே (சொன்ன நேரம் காத்திருப்பது). 4.5 முதல் இருக்கிறது.

பிப்ரவரி 15

துல்லியம் பற்றி ஒருவர். "பல த்ரெட் டைமர் அதிகத் துல்லியம் என்று ஆவணத்திலேயே இருக்கிறது, ஃபார்ம்ஸ் டைமருக்கு 55 மில்லிவிநாடி வரம்பு."

அந்த 55 விண்டோஸ் 95, 98 காலத்து எண், விநாடிக்கு 18.2 முறை அடித்த பழைய கடிகாரத்திலிருந்து வந்தது. இன்றைய விண்டோஸில் இயல்பான துடிப்பு 15.6 மில்லிவிநாடி, இரண்டு வகை டைமரும் அந்தத் துடிப்பைத்தான் நம்பியிருக்கின்றன. 20 என்று கேட்டால் 31-ஐ ஒட்டிக் கிடைக்கும். டைம்பிகின்பீரியடைக் கூப்பிட்டு 1 மில்லிவிநாடிக்குக் குறைக்கலாம். ஒரு காலத்தில் அது கணினி முழுவதையும் பாதிக்கும், விண்டோஸ் 10-இன் 2004 பதிப்பிலிருந்து கேட்ட நிரலோடு நின்றுவிடுகிறது. மின்சாரம் கூடுதலாகச் செலவாகும்.

எந்த டைமரும் எவ்வளவு நேரம் ஆனது என்பதற்குச் சாட்சி இல்லை. டிக்கை எண்ணி நேரம் கணக்கிடாதீர்கள், ஸ்டாப்வாட்சைப் பாருங்கள். 1000 மில்லிவிநாடி டைமரில் கடிகாரம் காட்டினால், ஒவ்வொரு டிக்கும் துளி பிந்திப் பிந்தி, ஏதோ ஒரு தருணத்தில் 37-இலிருந்து 39-க்குத் தாவும். அடுத்த விநாடி பிறக்க எத்தனை மில்லிவிநாடி பாக்கி என்று பார்த்து இன்டர்வலை ஒவ்வொரு டிக்கிலும் மாற்றி வையுங்கள், தாவாது.

பிப்ரவரி 16

ஜாவாக்காரர்களுக்கும் இதே கிளைப்பாதைதான். ஸ்விங் டைமர் ஈவென்ட் த்ரெட்டில் (ஜாவாவில் திரையின் த்ரெட்) ஓடும், தவறிய டிக்குகளைச் சேர்த்துவிடும். யூடில் டைமருக்குத் தனியாக ஒரே ஒரு த்ரெட்; அதில் ஒரு வேலை எக்ஸெப்ஷன் எறிந்தால் அந்த டைமரில் இருந்த எல்லா வேலையும் போச்சு. ஷெட்யூல்டு எக்ஸிக்யூட்டரில் எறிந்த வேலை மட்டும் சத்தமில்லாமல் நின்றுவிடும். ஆனால் அங்கே ஒரு நல்ல விஷயம், ஒரே வேலை தன்மேலேயே ஏறி ஓடாது, தாமதமாகத்தான் தொடங்கும். டாட்நெட் டைமர்களும் இப்படியே பிறந்திருக்கலாம்.

க்யூடி (சி++ திரை நிரல்களுக்கான தொகுப்பு): க்யூடைமர் தன்னை வைத்திருக்கும் த்ரெட்டின் ஈவென்ட் லூப்பில் அடிக்கும், வேறு த்ரெட்டிலிருந்து தொடங்கவே விடாது. எச்சரிக்கை அச்சிட்டுவிட்டு மறுத்துவிடும். இயல்பாக 5 சதவீதம் வரை முன்பின் ஆகலாம், கறாராக வேண்டுமென்றால் ப்ரிசைஸ் என்று கேட்க வேண்டும்.

பிப்ரவரி 19

பல த்ரெட் டைமருக்கு எதிராகவே எழுதிக்கொண்டிருப்பதாக ஒருவர் வருத்தப்பட்டிருக்கிறார். அது இல்லாமல் முடியாத இடத்தையும் சொல்ல வேண்டும்.

எதிர்முனையில் ஒரு கருவி, மூன்று விநாடி சத்தம் கேட்காவிட்டால் இணைப்பை வெட்டிவிடும். இந்த உயிர்த்துடிப்பைத் திரையின் டைமரிடம் கொடுக்கவே கூடாது. பயனர் பெரிய அறிக்கையைத் திறந்து கிரிட் நிரம்ப நாலு விநாடி ஆனால் இணைப்பு போய்விடும். திரை என்ன பாடு பட்டாலும் நேரத்துக்கு நடந்தே ஆக வேண்டிய வேலை, திரையைத் தொடவும் தேவையில்லாத வேலை: இங்கே த்ரெடிங் டைமர்தான். அதிலும் ஒரு எச்சரிக்கை, அது த்ரெட் பூலை நம்பியிருக்கிறது. வேறெங்கோ நீளமான பிளாக்கிங் வேலைகளால் பூலை நிரப்பியிருந்தால், பூல் புதுத் த்ரெட்டுகளை மெதுவாகத்தான் சேர்க்கும், உங்கள் துடிப்பு வரிசையில் நிற்கும். உயிர் போகிற விஷயமென்றால் சொந்தமாக ஒரு த்ரெட், அதில் காத்திருப்பு லூப்.

டைமர் ஆப்ஜெக்டை ஃபீல்டில் வையுங்கள். மெத்தடுக்குள் லோக்கல் மாறியாக விட்டால் கார்பேஜ் கலெக்டர் (பயன்படாத நினைவகத்தை மீட்டெடுக்கும் பகுதி), ஓடும் டைமரையே எடுத்துக்கொண்டு போய்விடும். டீபக் பில்டில் நன்றாக ஓடி ரிலீஸில் நின்றுபோனால் இதைச் சந்தேகியுங்கள்.

பிப்ரவரி 22

முதலில் கேட்டவர் லூப்பாக மாற்றி எழுதிவிட்டாராம், உறைவதில்லை. "ஃபைல்சிஸ்டம் வாட்சர் போட்டால் டைமரே வேண்டாமே" என்கிறார் இப்போது.

வேண்டும். வாட்சர் என்பது ஃபோல்டரில் மாற்றம் நடந்தால் அறிவிக்கும் வசதி. அதன் பஃபர் (அறிவிப்புகள் காத்திருக்கும் இடம்) இயல்பாக 8 கேபி. ஒரே நேரத்தில் நிறையக் கோப்பு வந்து விழுந்தால் நிரம்பிவிடும், சில அறிவிப்புகள் போய்விடும். நெட்வொர்க் ஷேரில் இணைப்பு அறுந்து திரும்பினால் வாட்சர் தானாக உயிர்பெறும் என்றும் நம்ப முடியாது. தவிர அதன் ஈவென்ட்களும் பின்னணி த்ரெட்டில்தான் வருகின்றன, அதற்கும் அதே சிங்க்ரனைசிங் ஆப்ஜெக்ட் பண்பு இருக்கிறது. வாட்சர் சொல்வதைப் பட்டியலில் நேராக எழுதாதீர்கள். "இப்போதே ஒரு சுற்றுப் பார்" என்று லூப்பைத் தட்டி எழுப்ப மட்டும் பயன்படுத்துங்கள். டாஸ்க் வென்எனியில் டிலே ஒன்று, வாட்சரின் சிக்னல் ஒன்று, எது முந்துகிறதோ அதற்கு அடுத்த சுற்று. வாட்சர் ஒழுங்காக வேலை செய்யும் நாட்களில் கோப்பு உடனே தெரியும், செய்யாத நாட்களில் ஐந்து விநாடிக்குள் தெரியும்.